டர்பன் சிவப்பு மண்ணில் அரை நாள் களப் பயிற்சி: படிப்படியாக

பொறியியல் நிலவியல் முதலாண்டு மாணவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெரீயா சிவப்பு மணலைப் போல் நல்ல பாடம் வேறில்லை. பெரீயா மேட்டில் உண்டு, பிளஃப் பகுதியில் உண்டு, 1860 முதல் நம் முன்னோர் கரும்பு நட்ட வடக்குக் கடற்கரைப் பகுதியிலும் உண்டு. காய்ந்திருந்தால் செங்குத்தாக நிற்கும். சுமையோடு நனைந்தால் அமுங்கும்.

நான்கு பேர் குழுவுக்கு ஒரு நிலவியல் சுத்தியல், கத்தி, டேப், மண்வெட்டி, 2 லிட்டர் தண்ணீர், நோட்டு போதும்.

படி 1: இடம். இடுப்பளவு உயர வெட்டுமுகம் போதும். மழை விட்ட மறுநாள் போகாதீர்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில், முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்கவே கூடாது.

படி 2: செதுக்குதல். மேலிருந்து கீழாக அரை மீட்டர் அகலத்துக்கு, ஒரு சாண் உள்ளே செதுக்குங்கள். மழையில் வழிந்த மண் தோல்போல் மூடியிருக்கும். அதைப் பார்த்து எழுதினால் எல்லாம் ஒரே அடுக்காகத் தெரியும்.

படி 3: விவரித்தல். ஈரம், நிறம், இறுக்கம், அமைப்பு, மண் வகை, தோற்றம். ஜென்னிங்ஸ், பிரிங்க், வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1973-இல் வகுத்த வரிசை இது. மாணவர்கள் நேரே தோற்றத்துக்குத் தாவுவார்கள்; விடாதீர்கள். பழைய மணல்மேடுகளில் இரும்புள்ள கனிமங்கள் சிதைந்து துருவும் களியுமாக மணலைப் பூசியதால்தான் இந்தச் சிவப்பு என்பதை, மற்ற ஐந்தும் எழுதிய பிறகு பேசலாம்.

படி 4: உருளைச் சோதனை. இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். கலையாத மண்கட்டி ஒன்றை வெட்டியெடுத்து, கத்தியால் ஒரே நீளமும் பருமனும் உள்ள இரண்டு உருளைகளாகச் சீவச் சொல்லுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதைச் சிறிது சிறிதாக நனைத்து, சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, பழைய பருமனுக்கே மீண்டும் உருட்ட வேண்டும். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நீளம் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தால், நனைந்தால் அமுங்கும் மண் என்று சந்தேகிக்கலாம். மணல் துகள்களைப் பிடித்திருந்த களிப் பாலங்கள் இளகி, இடைவெளிகள் மூடிவிட்டன. குழாய் கசியும் மூலையில் மட்டும் வீட்டுச் சுவர் விரிசல் விடுவதும் இதனால்தான்.

தண்ணீர் கூடினால் உருளை சரிந்து அகலமாகிவிடும், ஒப்பீடு பொய்யாகும். எவ்வளவு அமுங்கும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் ஈடோமீட்டர் (oedometer, மண் சுமையில் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கருவி) வேண்டும்.

படி 5: குழி மூடுதல். உருளை நிற்காத தளர்ந்த மணலுக்கு இது உதவும். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, எடுத்த மண் முழுவதையும் திரும்பப் போடுங்கள். வழக்கமாக மண் மிஞ்சும். இங்கே விளிம்புவரை நிரம்பாவிட்டால், இதுவும் அமுங்கும் மண் என்று சந்தேகிக்கலாம்; அந்தப் பள்ளத்தை டேப்பால் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.