ஓவர்ரேட்டட், அண்டர்ரேட்டட் சண்டை: டியூக் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்தாலே பாதிப் பேர் கொண்டாடுவார்கள், மீதிப் பேர் கரித்துக் கொட்டுவார்கள். வட கரோலினா மாநிலம் டர்ஹம் நகரில் இருக்கும் இந்த அணி 1991, 1992, 2001, 2010, 2015 என ஐந்து முறை தேசிய சாம்பியன். ஐந்துமே ‘கோச் கே’ என்று எல்லோரும் கூப்பிடும் மைக் ஷஷெஃப்ஸ்கியின் காலத்தில் வந்தவை. 1980 முதல் 2022 வரை அவர் ஒருவரே பயிற்சியாளர். நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரே ஆள் கையில் அணி இருந்தால், அவரிடம் ஆடியவர்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் ஆசை ரசிகர்களுக்கு வராமல் இருக்குமா? வருகிறது. அங்கேதான் குழப்பமும் ஆரம்பிக்கிறது.

ஓவர்ரேட்டட் என்றால் ஆட்டத்துக்கு மேல் பெயர் வாங்கியவர், அண்டர்ரேட்டட் என்றால் ஆட்டத்துக்கேற்ற பெயர் கிடைக்காதவர். ஒருவரை ஓவர்ரேட்டட் என்று சொன்னால் அவருக்கு ஆடத் தெரியாது என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார்கள். பேசுவது ஆட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை, ஆட்டத்துக்கும் பெயருக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி. அந்தப் பெயரைக் கொடுத்தது யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். டியூக் ரசிகர்களா, எதிரணி ரசிகர்களா, பள்ளிக்கூட வயதிலேயே தரவரிசை போடும் நிபுணர்களா, என்பிஏ என்ற தொழில்முறை லீகின் அணிகளா? இதைச் சொல்லாமல் தொடங்கினால் இரண்டு பேர் இரண்டு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மிக அதிகமாக நடக்கும் தவறு, கல்லூரி ஆட்டத்துக்கு என்பிஏவை வைத்து மதிப்பெண் போடுவது. கிறிஸ்டியன் லேட்னர் 1992இல் என்பிஏவின் புதுமுகத் தேர்வில் மூன்றாவது ஆளாகத் தேர்வாகிப் போனார், 13 பருவம் ஆடினார், ஒரே ஒருமுறை ஆல்ஸ்டார் என்ற நட்சத்திர அணியில் இடம் பிடித்தார். ‘அவ்வளவுதானா, ஓவர்ரேட்டட்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆள் கல்லூரியில் இருந்த நான்கு ஆண்டும் அணி ஃபைனல் ஃபோர், அதாவது தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம், வரை போனது. அதில் இரண்டு முறை பட்டம். தோற்றால் அன்றே வெளியே என்ற அந்தத் தொடரை நடத்துவது என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு. அந்த என்சிஏஏ போட்டித் தொடரில் அவர் மொத்தம் 407 புள்ளி எடுத்தார், அது சாதனை. 1992இல் கென்டக்கிக்கு எதிராக 2.1 விநாடி மீதமிருக்கும்போது கிரான்ட் ஹில் மைதானத்தின் மறுகோடியிலிருந்து எறிந்த பந்தைப் பிடித்து, ஒரு தடவை தரையில் தட்டி, திரும்பிப் போட்டு 104-103 என்று ஜெயித்தாரே, அந்த வீச்சை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அன்று அவர் போட்ட பத்து வீச்சில் பத்தும், பத்து ஃப்ரீ த்ரோவில் பத்தும் உள்ளே போயின என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசி வீச்சு இல்லாவிட்டாலும் அது அசாத்தியமான ஆட்டம்.

பாபி ஹர்லி கதை இன்னும் பாவம். 1993இல் கல்லூரியை விட்டபோது 1,076 அசிஸ்ட் (சக வீரர் கூடையில் போட வழிசெய்யும் பாஸ்), அன்றைய என்சிஏஏ சாதனை. என்பிஏவில் கால்வைத்த சில வாரங்களிலேயே, அதே ஆண்டு டிசம்பரில், கார் விபத்து. அதன்பின் அவர் பழைய ஆளாக வரவே இல்லை. ஜே வில்லியம்ஸ் 2002இல் இரண்டாவது ஆளாகத் தேர்வானார், 2003இல் மோட்டார் பைக் விபத்தோடு அவருடைய என்பிஏ வாழ்க்கை முடிந்தது. விபத்தில் போனதை இவர்களின் டியூக் கணக்கில் கழிக்க என்ன நியாயம் இருக்கிறது?

இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். கைரி ஏர்விங்கை டியூக்கின் தலைசிறந்த ஐந்து பேரில் சேர்க்கிறவர்கள் உண்டு. 2010-11 பருவத்தில் கால் பெருவிரல் அடிபட்டதால் அவர் டியூக்குக்காக ஆடியது மொத்தமே 11 ஆட்டம். ஆடிய வரை அற்புதம். கடைசி ஆட்டத்தில் அரிசோனாவுக்கு எதிராக 28 புள்ளி எடுத்தும் அணி தோற்றது. ஆனால் 11 ஆட்டத்தை நான்கு ஆண்டு உழைத்தவர்களுக்கு மேலே வைப்பது, பின்னால் அவர் என்பிஏவில் வாங்கிய பெயரை முன்தேதியிட்டுக் கொடுப்பதுதான். சயான் வில்லியம்சன் விஷயம் கொஞ்சம் வேறு. 2018-19இல் ஒரே பருவம் என்றாலும் 33 ஆட்டம், சராசரி 22.6 புள்ளி, போட்ட வீச்சில் 68 சதவீதம் உள்ளே. அதை ஒரு முழுப் பருவமாக மதிப்பிடலாம்.

அடுத்து, காலம் மாறியதை மறந்துவிட்டு எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. டியூக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஜே.ஜே. ரெடிக், 2,769. அவருக்கு முன்பு சாதனை ஜானி டாக்கின்ஸிடம் இருந்தது, 2,556. டாக்கின்ஸ் 1986இல் கிளம்பினார், தூரத்திலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் கோடு கல்லூரிக் கூடைப்பந்து முழுமைக்கும் வந்தது அடுத்த பருவத்தில். ரெடிக்கின் ஆயுதமே அந்தக் கோடுதான், 457 முறை அங்கிருந்து போட்டிருக்கிறார். இதனால் ரெடிக் மட்டம் என்று சொல்லவில்லை. 213 புள்ளி வித்தியாசத்தை வைத்து யார் பெரிய ஆள் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் 1960களின் தொடக்கத்தில் ஆடிய ஆர்ட் ஹேமன். அந்தக் காலத்தில் முதலாமாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட விதி இடம் கொடுக்காது, 1972-73 பருவத்தில்தான் அது மாறியது. ஆக ஹேமனுக்குக் கிடைத்தது மூன்றே பருவம். அதில் 1,984 புள்ளி, ஆட்டத்துக்கு 25.1. ரெடிக்கின் நான்கு ஆண்டுச் சராசரி 20க்குச் சற்றுக் கீழே. 1963இல் டியூக்கை முதல்முறையாக ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோனதும் ஹேமன் இருந்த அணிதான். பட்டியலில் மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்கிறவருக்கு இவர் எங்கோ நடுவில் தெரிவார். டியூக்கில் அண்டர்ரேட்டட் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் என் முதல் ஓட்டு இவருக்குத்தான்.

டிக் க்ரோட்டை வைத்துக்கொண்டு ‘என்சிஏஏ தொடரில் ஒன்றுமே செய்யவில்லையே’ என்பவர்களும் இருக்கிறார்கள். டியூக் அந்தத் தொடருக்கு முதல்முறை போனதே 1955இல். க்ரோட் 1952லேயே படிப்பை முடித்துவிட்டார். பிறகு பேஸ்பாலுக்குப் போய் 1960இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் அவர், அது தனிக்கதை.

ஒரே ஒரு ராத்திரியை வைத்து ஆளை எடைபோடுவதும் உண்டு. 2006 என்சிஏஏ தொடரில் லூசியானா ஸ்டேட் அணிக்கு எதிராக ரெடிக் 18 வீச்சில் மூன்றை மட்டும் போட்டார், 62-54 என்று டியூக் வெளியேறியது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 26.8 எடுத்தவர், நாட்டின் சிறந்த வீரர். ஆனாலும் ‘பெரிய ஆட்டத்தில் சொதப்புவார்’ என்ற முத்திரை அவர் மேல் ஒட்டிக்கொண்டது. டிரேஜன் லாங்டனுக்கு நடந்தது அதைவிட மோசம். 1999 இறுதிப்போட்டியில் கனெக்டிகட்டிடம் 77-74 என்று டியூக் தோற்றது. கடைசி விநாடிகளில் லாங்டன் டிராவலிங் செய்து, அதாவது பந்தைத் தட்டாமல் அதிக அடி எடுத்துவைத்து, பந்தைப் பறிகொடுத்த காட்சியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அன்று அவர் எடுத்த 25 புள்ளி இல்லாவிட்டால் கடைசி விநாடி வரை ஆட்டமே வந்திருக்காது. அதே லாங்டன் பின்னர் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அணியில் ஆடி, 2008இல் ஐரோப்பிய கிளப் தொடரான யூரோலீகின் ஃபைனல் ஃபோரில் சிறந்த வீரரானார்.

ஒரு ராத்திரி மேலே தூக்கிவிட்டதற்கு உதாரணம் ஆஸ்டின் ரிவர்ஸ். 2012 பிப்ரவரியில் பரம எதிரியான வட கரோலினாவின் சொந்த மைதானத்தில், நேரம் முடியும்போது மூன்று புள்ளி போட்டு 85-84 என்று முடித்தார். அடுத்த மாதமே, என்சிஏஏ தொடரில் 15ஆம் நிலையில் வைக்கப்பட்ட லீஹையிடம் தன் முதல் ஆட்டத்திலேயே டியூக் தோற்றது. இருந்த ஒரே பருவத்தில் இரண்டும் நடந்தன, நினைவில் நிற்பது ஒன்று மட்டும்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புள்ளிப் பத்தியை மட்டும் படிக்கும் வியாதி. 2010 சாம்பியன் அணியைப் பற்றிக் கேட்டால் ஜான் ஷேயர், நோலன் ஸ்மித், கைல் சிங்லர் என்று மூன்று பெயர் வரும். மூவரும் தகுதியானவர்கள், மறுப்பில்லை. பிரையன் ஸூபெக் என்று சொன்னால் ‘அந்த உயரமான ஆளா’ என்பார்கள். ஏழடி ஓரங்குல உயரம். முதல் மூன்று ஆண்டு பாதத்தில் காயம், ஃபவுல், பெஞ்ச் என்றே போனது. நான்காம் ஆண்டு சராசரி 5.6 புள்ளி. பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டத்துக்கு 20 நிமிடம்கூட ஆடாமல் 7.7 ரீபவுண்ட் எடுத்திருக்கிறார்.

அந்த ரீபவுண்ட் எப்படி வந்தது என்று பாருங்கள். ஷேயரோ ஸ்மித்தோ வெளியிலிருந்து போட்டுத் தவறினால், கூடையடியில் ஸூபெக் இரண்டு பேரைப் பின்னால் தள்ளி நிறுத்திக்கொண்டு பந்தைப் பறிப்பார். பறித்ததும் தானே மேலே போட முயல மாட்டார். வெளியே நிற்கும் அதே மூவரில் ஒருவருக்குத் திருப்பி எறிவார். எதிரணி காவல் அதற்குள் கூடையை நோக்கி உள்ளே சுருங்கியிருக்கும், வெளியே ஆள் தனியாக நிற்பார், மூன்று புள்ளி. ஸ்கோர் தாளில் புள்ளி ஷேயர் பெயரில் ஏறும். ஸூபெக்குக்கு ஒரு ரீபவுண்ட், ஒருவேளை ஒரு அசிஸ்ட்.

பிப்ரவரியில் மேரிலாண்டுக்கு எதிராக 16 புள்ளி, 17 ரீபவுண்ட் எடுத்த பிறகுதான் அவர் தொடக்க ஐவரில் நிலைத்தார். ஏப்ரலில் இறுதிப்போட்டி, எதிரே பட்லர். கடைசி நிமிடத்தில் கார்டன் ஹேவர்ட் போட்ட வீச்சுக்கு எதிரே கையை உயர்த்தி நின்றவர் ஸூபெக், தவறிய பந்தைப் பிடித்தவரும் அவரே. 3.6 விநாடி மீதி, இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே, டியூக் 61-59. இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டார், பட்லரிடம் டைம் அவுட் மீதமில்லை, தவறிய பந்தைப் பிடித்து அவசரமாக எறிவதைத் தவிர வழியில்லை என்பதால். ஹேவர்ட் பாதி மைதானத்திலிருந்து எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போனது. அந்த வேண்டுமென்றே தவறவிட்ட யோசனை சரியா தவறா என்று இன்றைக்கும் சண்டை போடலாம், எனக்கு அது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தில் அவர் பங்கைத் தெரிந்துகொள்ள ஆட்டத்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும், அட்டவணை உதவாது.

தடுப்பாட்டத்தில் இது இன்னும் கஷ்டம். 1988இல் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த டெம்பிள் அணியை டியூக் 63-53 என்று வென்றது. டெம்பிளின் நட்சத்திரம் மார்க் மேக்கன் அன்று 29 வீச்சில் ஆறைத்தான் போட்டார். அவரை விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றவர் டியூக்கின் பில்லி கிங். அந்த 23 தவறிய வீச்சும் மேக்கன் பெயரில் பதிவாகியிருக்கின்றன, கிங் பெயரில் எந்தப் பத்தியிலும் இல்லை.

மோதிரக் கணக்கை, அதாவது யார் எத்தனை பட்டம் வாங்கினார் என்பதை, பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்கின்ஸிடம் பட்டம் இல்லை, ரெடிக்கிடம் இல்லை, எல்டன் பிராண்டிடம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தே இரண்டு பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பிடிக்காதவரை ஓவர்ரேட்டட் என்பதும் பழைய வழக்கம். லேட்னர் அந்தக் கென்டக்கி ஆட்டத்திலேயே கீழே விழுந்து கிடந்த அமினு டிம்பர்லேக்கின் நெஞ்சில் காலை வைத்தார். கிரேசன் ஆலன் 2016இல் எதிராளிகளைக் காலை நீட்டித் தடுக்கிவிட்டார். இரண்டும் அசிங்கம், அதில் சந்தேகம் வேண்டாம். திட்ட வேண்டுமானால் நேராகவே திட்டலாம். முதலாமாண்டு மாணவனாக 2015 இறுதிப்போட்டியில் விஸ்கான்சினுக்கு எதிராகப் பெஞ்சிலிருந்து வந்து 16 புள்ளி எடுத்த ஆலனின் ஆட்டம் அதனால் குறைந்துவிடாது.

அப்புறம் ஷேன் பேட்டியே. மூன்று முறை நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர், 2001இல் சாம்பியன், அதே ஆண்டின் சிறந்த வீரர், இனி யாருக்கும் தருவதில்லை என்று அவருடைய ஜெர்சி எண்ணுக்கும் டியூக் ஓய்வு கொடுத்தது. இவரை ‘யாரும் கண்டுகொள்ளாத மாணிக்கம்’ என்று இன்னும் எழுதுகிறார்கள். எல்லா விருதையும் வாங்கியவரை எல்லோரும் சேர்ந்து அண்டர்ரேட்டட் என்று பாராட்டினால் அவர் எப்படி அண்டர்ரேட்டட் ஆவார்? அந்த இடத்தை அவருக்குப் பின்னால் வந்த ஷெல்டன் வில்லியம்ஸுக்குக் கொடுங்கள். டியூக் வரலாற்றில் அதிக ரீபவுண்ட் 1,262, அதிக பிளாக் (எதிராளியின் வீச்சைத் தட்டிவிடுவது) 422, இரண்டும் அவருடையவை. ரெடிக்கோடு அதே நான்கு ஆண்டு ஆடியதுதான் அவர் செய்த ஒரே குற்றம். கேமரா முழுக்க ரெடிக் பக்கம்.

கடைசியாக, டியூக்கின் சொந்த மைதானமான கேமரூன் உள்ளரங்கத்தின் கூரையில் தொங்கும் ஜெர்சிகளைப் பார்த்துத் தரவரிசை போடாதீர்கள். அங்கே எண் ஏற வேண்டுமென்றால் டியூக்கில் பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது வழக்கம். ஜே வில்லியம்ஸ் மூன்றே ஆண்டில் படிப்பை முடித்துவிட்டுப் போனார், அவருடைய 22 மேலே இருக்கிறது. 1999இல் நாட்டின் சிறந்த வீரரான எல்டன் பிராண்ட் இரண்டு ஆண்டில் கிளம்பி, என்பிஏ தேர்வில் முதல் ஆளாகப் போனார். அவர் எண் அங்கே இல்லை. சயானுடையதும் இல்லை. 2025இல் நாட்டின் சிறந்த வீரர் விருதோடு ஒரே பருவத்தில் கிளம்பிய கூப்பர் ஃப்ளாக் விஷயத்தில் இந்தச் சண்டை இன்னும் சூடாகும். ஹூஸ்டனிடம் ஃபைனல் ஃபோரில் 70-67 என்று தோற்ற ஆட்டத்தின் கடைசி வீச்சை இப்போதே எடுத்துவைத்துக்கொண்டு சிலர் தயாராக இருக்கிறார்கள்.