கிளினிக்கில் நோயாளி வாய் திறக்காமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்த அம்மாவுக்கு அன்று 11-ஆம் நம்பர் டோக்கன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டாக்டரிடம் இடுப்பு வலி என்று சொல்லி மாத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்று நான் உறையின் மேல் குறித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"தாயி, தீட்டு நின்னு பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப ரெண்டு வாரமா மறுபடியும் படுது. சூட்டுனாலயா இருக்குமோ?"

மாதவிடாய் முழுதாக நின்று போன பிறகு கொஞ்சம் ரத்தம் பட்டாலும் கர்ப்பப்பையைப் பரிசோதித்தே ஆக வேண்டும். பலருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் சிலருக்கு அது புற்றுநோயின் முதல் அடையாளம். "இத ஏம்மா உள்ளே சொல்லல?" என்று கேட்டேன்.

"உள்ள நாலு பேரு உக்காந்திருக்காகளே. அதுல ரெண்டு பேரு எங்க ஊரு ஆம்பளைக. எப்படித் தாயி சொல்றது?"

19 வருடமாகச் சிறிய ஊர்க் கிளினிக்குகளில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கண்ணாடிக் கதவு, ஃபால்ஸ் சீலிங், சோபா என்று லட்சக்கணக்கில் செலவு செய்த இடங்களிலும் இருந்திருக்கிறேன். அங்கேயும் நோயாளிகள் பாதி விஷயத்தை வெளியே வந்து என்னிடம்தான் சொன்னார்கள். ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் மட்டுமே இருந்த ஓட்டுக் கட்டடத்தில் மனசு விட்டுப் பேசியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு கிளினிக்கின் மேல் நம்பிக்கை வந்துவிட்டதா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வந்தவர் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டாரா? புதிதாகக் கிளினிக் தொடங்கும் டாக்டர்கள் அந்த இடத்தை அமைப்பதில் செய்கிற தவறுகளையெல்லாம் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

அடுத்த டோக்கனை அறைக்குள்ளேயே உட்கார வைப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். டாக்டரின் அறைக்குள் சுவரோரமாக ஒரு பெஞ்சு. அதில் அடுத்த மூன்று நான்கு பேர். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் நகர்ந்து வந்துவிடுவார், நேரம் மிச்சம் என்பது கணக்கு. மாலையில் 80 பேர் காத்திருக்கும்போது அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. உலகில் ஏறத்தாழ பாதி மக்கள் வாழும் 18 நாடுகளில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சராசரியாக 5 நிமிடம் அல்லது அதற்கும் கீழே. இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிடைப்பதே அவ்வளவுதான் என்றால், அதையும் ஊரார் காதில் விழும்படி பேசச் சொல்வது எவ்வளவு பெரிய இழப்பு!

அந்தப் பெஞ்சின் முன்னால் சொல்லப்படாமல் போகிறவற்றை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். வெள்ளைப்படுதல், மூலம், சிறுநீர் அடக்க முடியாதது. சர்க்கரை நோயால் தாம்பத்தியத்தில் வரும் குறை. தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்பது. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்பது. கையில் வீக்கத்தோடு வந்த ஒரு பெண், பக்கத்தில் மாமியார் இருந்ததால் "படியில விழுந்துட்டேன்" என்றே சொல்லிவிட்டுப் போனார். இப்படிப் போகிறவர்களுக்கு எழுதப்படும் மருந்து, அவர்கள் சொன்ன நோய்க்குத்தான். இருக்கிற நோய்க்கு அல்ல. பத்து நாள் கழித்து, "அந்த டாக்டர்கிட்ட போனேன், ஒண்ணும் கேக்கல" என்று வேறு இடம் போய்விடுவார்கள்.

சரி, பெஞ்சை வெளியே போட்டால் தீர்ந்ததா? தீராது. முதல் நாளே தகராறு வரும். மக்கள் அறைக்குள் வந்து உட்காருவது முறை தவறிவிடுமோ என்ற பயத்தில்தான். வெளியே போனால் யாராவது இடையில் நுழைந்துவிடுவார் என்பது அவர்கள் அனுபவம். ஆகவே பெஞ்சை வெளியே போடும் அன்றே, எந்த நம்பர் உள்ளே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பலகை வைக்க வேண்டும். மின்பலகை வேண்டும் என்பதில்லை, நாட்காட்டித் தாள் மாதிரி புரட்டுகிற நம்பர் அட்டையே போதும். மெடிக்கல் ரெப்புகளை டோக்கன்களுக்கு நடுவில் உள்ளே விடாமல் தனி நேரம் கொடுப்பதும் இதோடு சேர்ந்தது. பை மாட்டிய ஒருவர் வரிசையைத் தாண்டி உள்ளே போவதைக் காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

பரிசோதனைக் கட்டிலைச் சுற்றி வெளிச்சம் ஊடுருவாத கனமான திரை வேண்டும். கட்டிலின் கால்மாடு கதவைப் பார்த்து இருக்கக் கூடாது. பெண்களை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு நர்ஸ் கட்டாயம் உள்ளே நிற்க வேண்டும்.

இன்னொன்று, குரல். "சுகர் 340 வந்தது யாருங்க?" என்று லேப் வாசலில் நின்று கூப்பிடுவதை எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறேன்! பெயரையோ டோக்கன் நம்பரையோ கூப்பிடலாம். நோயைக் கூப்பிடக் கூடாது. எச்ஐவி விஷயத்தில் இது சட்டப்படியே தவறு. ஒருவருக்கு அந்தத் தொற்று இருப்பதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

முதுகு சாயாத ஸ்டூல்

டாக்டர் பக்கத்தில் சுழலும் ஸ்டீல் ஸ்டூல் ஒன்று இருக்கும். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்க வசதியானது. ஆனால் அதே ஸ்டூலில் உட்கார வைத்து பிபி பார்ப்பது தவறு. மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தவரை நேராக அதில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால், அவர் பதில் சொல்லும் நேரத்தில் அளவு ஏறிவிடும். முதுகுக்குச் சாய்மானம் இல்லை என்றாலும் ஏறும். கால் மேல் கால் போட்டிருந்தாலும் ஏறும். கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 2 புள்ளி கூடுதலாகக் காட்டும். எல்லாம் சேர்ந்தால் 130 இருப்பவருக்கு 145 காட்டுவது பெரிய விஷயமே இல்லை.

அவருக்கு மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள். அவரோ மகன் வாங்கிக் கொடுத்த மிஷினில் வீட்டில் பார்ப்பார். 128 காட்டும். "டாக்டர் சும்மா மாத்திரை எழுதுறார்" என்று முடிவு செய்துவிடுவார். சாய்மானம் உள்ள ஒரு நாற்காலி, கையை வைக்க ஒரு மேசை, அமைதியாக 5 நிமிடம், அவ்வளவுதான் வேண்டும். இதை டாக்டர் அறைக்கு வெளியே, டிவி சத்தம் எட்டாத ஒரு மூலையில் வைத்துவிட்டால் டாக்டரின் நேரமும் மிச்சம்.

செருப்பை வெளியே விடச் சொல்வது

இதைச் சொன்னால் நிறைய பேர் ஆச்சரியப்படுகிறார்கள். சுத்தத்துக்காகத்தானே என்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் வாசலில் "காலணிகளை வெளியே விடவும்" என்று பலகை. உள்ளே சுவரில், "சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கக் கூடாது" என்று பெரிய படம். இரண்டையும் ஒரே ஆள் இருபது அடி இடைவெளியில் படிக்கிறார்.

நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். கிளினிக் தரையில் என்னென்ன கிடக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்கும்போது தெறிக்கும் கண்ணாடித் துணுக்கு கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை ஓர் ஐயாவின் காலில் கட்டு மாற்றும்போது இன்னொரு பாதத்தையும் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு ஸ்டேப்ளர் பின் முழுசாக இறங்கியிருந்தது. லேப் ரிப்போர்ட்டில் குத்துகிற அதே பின். "எப்போங்கய்யா குத்துச்சு?" என்றால் அவருக்குத் தெரியவே இல்லை. "நீ சொல்லித்தாம்மா எனக்கே தெரியுது" என்றார். அதிலிருந்து செருப்பைக் கழற்றச் சொல்கிற இடத்தில் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

வாசலில் சொரசொரப்பான கால்மிதி போடுங்கள். மாலை நேரத்துக்கு முன்னும் நடுவிலும் ஒருமுறை தரையைத் துடையுங்கள். செருப்போடு வரட்டும். தையல் போடும் அறைக்கு மட்டும் தனிச் செருப்பு வையுங்கள்.

ஜன்னலைச் சாத்தி ஏசி போடுவது

காத்திருக்கும் ஹாலுக்கு ஏசி போட்டதும் ஜன்னல்களை அடைத்துவிடுகிறார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. அங்கே காசநோய் இருமல்காரரும், கைக்குழந்தையும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு எடுக்கும் பாட்டியும் ஒரே காற்றை ஒரு மணி நேரம் பகிர்ந்துகொள்கிறார்கள். பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்தபோது ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று சராசரியாக 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் 12 முறைதான். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்கள்தாம் மிக நன்றாக இருந்தன. நம்மூர்ப் பழைய வீடுகளை வாடகைக்கு எடுத்துக் கிளினிக் ஆக்குகிறவர்கள், முதல் வேலையாக எதிரெதிர் ஜன்னலை அடைத்து விளம்பரப் பலகை மாட்டும்போது எனக்கு வயிறு எரியும்.

காய்ச்சலுக்குப் போய் இருமலை வாங்கிக்கொண்டு வந்தேன் என்று ஒருவர் டீக்கடையில் சொன்னால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வேறொரு குணமும் உண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டு ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜன்னல் வழியாக மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். அதைக் கேள்விப்பட்டு, இருக்கிற ஜன்னலை அடைத்து அதன்மேல் காட்டுப் படம் ஒட்டுகிறார்கள். வெளியே வேப்பமரம் நிற்கும்.

சுவரில் என்ன தொங்குகிறது

எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறவர்கள் சுவரை நன்றாகப் படிக்கிறார்கள், காத்திருக்கும்போது வேறு வேலை இல்லையே. மருந்துக் கம்பெனி காலண்டர், மருந்துக் கம்பெனி கடிகாரம், மருந்துக் கம்பெனி பேனா, கடைசியில் சீட்டிலும் அதே கம்பெனி மாத்திரை. கூட்டிக் கழிக்கத் தெரியாதவர்களா அவர்கள்? கட்டணம் எவ்வளவு என்று மட்டும் எங்கேயும் இருக்காது. பையில் 300 ரூபாய் வைத்திருப்பவர், போதுமா போதாதா என்ற கவலையிலேயே உள்ளே உட்கார்ந்திருப்பார். டாக்டர் சொல்வது காதில் ஏறாது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே கட்டணத்தைப் பலகையில் தெளிவாக எழுதச் சொல்கின்றன. டாக்டரின் பதிவு எண்ணையும் கிளினிக்கில் காட்டச் சொல்கின்றன. அளவுக்கு மீறிய பெரிய பெயர்ப்பலகை முறையல்ல என்றும் சொல்கின்றன. நடைமுறையில் வெளியே பலகை பத்தடி, உள்ளே கட்டணம் ரகசியம்.

அப்புறம், கழிப்பறை. சாவி கம்பவுண்டரிடம் இருக்கும். எட்டு மாதக் கர்ப்பிணி நாற்பது பேர் முன்னால் நடந்து போய் ஓர் ஆணிடம் சாவி கேட்க வேண்டும். பலர் கேட்க மாட்டார்கள், தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். பூட்டை எடுத்துவிடுங்கள்.

ஊசி உறையை நோயாளி கண் முன்னால் பிரியுங்கள். போட்ட ஊசியை உடனே வெள்ளை நிறக் கூர்முனைப் பெட்டியில் போடுங்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளில் உள்ளதுதான். சில பெரியவர்கள் இன்னும், "புது ஊசிதானே?" என்று கேட்கத் தயங்கிக்கொண்டே கையை நீட்டுகிறார்கள்.

டிரிப் ஏற்றும் கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையை 2023-இல் வெளியிட்டிருந்தார்கள். கட்டிலைப் பார்த்தபடி 3 அடிக்குள் நாற்காலி இருந்தபோது டாக்டர்களில் 63 சதவீதம் பேர் உட்கார்ந்து பேசினார்கள். நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தபோது 8 சதவீதம் பேர்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இனி அந்த அம்மாவின் கதை. அன்றே நான் உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். பெஞ்சிலிருந்த நாலு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரை மறுபடி கூப்பிட்டார். ஸ்கேன் எடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் சதைப் பரிசோதனை செய்ததில் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்று வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே பெஞ்சு வராந்தாவுக்குப் போனது. டோக்கன் அட்டையை நான்தான் மாட்டினேன். இரண்டு பேர் சண்டை போட்டார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. அந்த அம்மா மாதம் ஒருமுறை பிபி பார்க்க வருகிறார். உள்ளே வந்ததும் கதவை அவரே சாத்துகிறார். தாழ் சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.