புறாவின் தொண்டைப்புண்: தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள்

மொரீஷியஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் சுமார் பத்தாகக் குறைந்தது. பாடுபட்டு நூற்றுக்கணக்கில் பெருக்கியும், டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி அதன் குஞ்சுகளை இன்றும் கொல்கிறது. வேலூர் மாடிக் கூண்டுப் புறாக்களைத் தாக்குவதும் இதே உயிரி தரும் தொண்டைப்புண் நோய்தான்.

கிருமி ஈரத்தில்தான் பிழைக்கும். ஆகவே இரண்டு கிண்ணம் வையுங்கள்: ஒன்றில் தண்ணீர், மற்றது தேய்த்துக் கழுவி வெயிலில் முழுசாகக் காயட்டும். தினமும் மாற்றுங்கள், நம் ஊர் வெயில் இதற்குத் தாராளம். காட்டுப்புறாக்கள் அதே கிண்ணத்தில் குடிக்க விடாதீர்கள்.

வாய்க்குள் மஞ்சள் கட்டி தெரிந்தால் சுரண்டவே கூடாது, ரத்தம் கொட்டும். தனிக்கூண்டில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தாய், தந்தைப் பறவைகள் நலமாகத் தெரிந்தாலும், தொண்டைப்பையில் சுரந்து ஊட்டும் புறாப்பால் வழியே குஞ்சுக்குத் தொற்றும். அதனால் ஜோடிக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.