சிக்லிட் வளர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை செய்யும் தவறு

மதுரையில் சிக்லிட் என்ற வண்ண மீன்களை வளர்க்கும் வீடுகள் பலவற்றில் ஞாயிறு காலை வேலை ஒன்றுதான். மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல், கண்ணாடி, ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அன்று தொட்டி பளபளவென்று இருக்கும். புதன், வியாழனில் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். முதல் வருடம் நானும் இப்படிச் செய்து ஆறு ஜீப்ரா சிக்லிட்களைப் பறிகொடுத்தேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

மீன் வெளியேற்றும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. அது பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைப் பெருமளவு அழித்துவிடலாம். நம் ஊர் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு அந்தக் கடினத்தன்மை பிடிக்கும். ஆனால் பி.எச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7 உள்ள தண்ணீரைவிட 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு ஏறக்குறைய பத்து மடங்கு. வெயில் ஏற ஏற அது இன்னும் கூடும். அதனால் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கும் ஆன்டி-குளோரின் மருந்து கட்டாயம்.

சித்திரை, வைகாசியில் மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். கையே சுடும் தண்ணீர் அது. இரவே பிடித்து வைத்து, காலையில் மாற்றுவதுதான் சரி. வெந்நீரில் ஆக்சிஜனும் குறைவு. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் பேட்டரி ஏர் பம்ப் இல்லாவிட்டால் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்தே திணறும்.

அப்புறம் தீனி. பாசத்தில் புழுவை அள்ளிப் போடுகிறோம். மலாவியின் ஜீப்ரா போன்ற மீன்கள் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளமானது. புழுவும் கொழுப்பும் தொடர்ந்து போனால் வயிறு உப்பிச் சாகும். தீனியை வாயில் வாங்கித் துப்புவதும், வெள்ளை நூல் போன்ற கழிவும் முதல் அறிகுறி. ஸ்பைருலினா என்ற பாசி சேர்ந்த தீனி, அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, போதும். ஆஸ்கர், பிளவர்ஹார்ன் போன்ற பெரிய சிக்லிட் வைத்திருப்பவர்கள் நெற்றியில் குழி விழுகிறதா என்று பாருங்கள். பழைய தண்ணீரும் சத்தில்லாத ஒரே தீனியும் அதற்குப் பெரும்பாலும் துணைபோகின்றன.

புது மீனைக் கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே பழைய கூட்டத்தில் விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மூன்று வாரம் தனித் தொட்டி, தனி வலை. வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்தாதீர்கள். உடம்பிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி தரையில் கூடு கட்டி நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடும். நீந்தி வரும் அந்தக் குஞ்சுகளைத்தான் மருந்து கொல்லும், தோலுக்குள் இருப்பதை அல்ல. புள்ளி போன பிறகும் ஒரு வாரம் தொடருங்கள்.