தேசிய விருதை வைத்து இசைச் சண்டை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதிரசம் ஆறுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா இளையராஜா கட்சி, அத்தை மகன் ரஹ்மான் கட்சி. "எங்க ஆளுக்கு ஏழு தேசிய விருது, உங்க ஆளுக்கு அஞ்சுதான்" என்றான் அவன். சித்தப்பா பதில் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

கணக்கு சரிதான். ஆனால் எண்ணிக்கையை வைத்துப் பேசுவதுதான் முதல் தவறு. 2009-லிருந்துதான் பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று விருது தொடர்ந்து இரண்டாகப் பிரிந்தது, அதற்கு முன் பெரும்பாலும் ஒரே விருதுதான். ரஹ்மான் 2017-க்கு 'காற்று வெளியிடை' பாடல்களுக்கும் 'மாம்' இந்திப் படத்தின் பின்னணி இசைக்கும் ஒரே வருடத்தில் இரண்டு வாங்கியது அதனால்தான். ராஜாவின் கடைசி இரண்டும், அதாவது 'பழசிராஜா'வும் 'தாரை தப்பட்டை'யும், பின்னணி இசைக்கு மட்டும் கிடைத்தவை. முதல் மூன்றும் பழைய முறையில் வந்தவை. இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஏழு பெரிதா ஐந்து பெரிதா என்றால் என்ன பதில் சொல்வது?

அடுத்த தவறு, ஆளுக்குக் கொடுத்ததாக நினைப்பது. விருது ஒரு வருடத்தின் ஒரு படத்துக்குத்தான். அதிலும் அந்த வருடம் தணிக்கைச் சான்றிதழ் வாங்கி, விண்ணப்பித்து அனுப்பிய படங்களைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். 1992-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'ரோஜா'வும் 'தேவர் மக'னும் ஒரே வருடம். 'இஞ்சி இடுப்பழகி'யில் புதுப்பெண்ணின் கூச்சத்தைக் குரலிலேயே கொண்டுவந்த ஜானகியம்மாவுக்குச் சிறந்த பாடகி விருது, இசைக்கு 'ரோஜா'. அதற்காக ராஜாவை ஒதுக்கிவிட்டார்கள் என்று கிளம்பினால், முதல் படத்திலேயே அப்படி ஒரு சத்தத்தைக் கொண்டுவந்தவருக்கு என்ன கொடுத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா?

இதனால்தான், "கிடைக்கவில்லை" என்று சொல்வதற்கு முன் அந்த வருடம் யாருக்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 'மௌன ராகம்' வந்த 1986-ல் விருது 'மத்வாச்சார்யா' கன்னடப் படத்துக்காகப் பாலமுரளிகிருஷ்ணாவுக்கு. 1987-ல் 'நாயகன்' நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் என்று மூன்று வாங்கியது, இசைக்கு மட்டும் இல்லை. அது 'தமஸ்' படத்துக்காக வன்ராஜ் பாட்டியாவுக்குப் போனது. தென்பாண்டிச் சீமையிலே மெட்டு படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து கடைசியில் தொண்டையை அடைக்க வைக்கிறதே, அதற்கு ஒன்றுமில்லையா என்று எனக்கும் வயிறு எரியத்தான் செய்யும். 'தமஸ்' பார்த்த பிறகு கொஞ்சம் குறைந்தது, முழுசாக இல்லை.

உண்மையில் சண்டை போட வேண்டிய இடம் வேறு. பட்டியலைப் பாருங்கள்: 'கந்தன் கருணை', 'சங்கராபரணம்', 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணா', 'அன்னமய்யா', 'ஸ்வராபிஷேகம்'. பக்திப் படம், இல்லையென்றால் பாட்டுக்காரரோ நாட்டியக்காரரோ கதாநாயகனாக இருக்கும் படம். அதில் மூன்று கே. விஸ்வநாத் இயக்கியவை. ராஜா முதலில் வாங்கிய மூன்றும் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. 'ரோஜா', 'மின்சார கனவு' மாதிரி விலக்குகள் உண்டு, ஆனாலும் கதைக்குள் தம்புரா இருந்தால் நடுவர்களுக்கு இசை சுலபமாகக் காதில் விழுகிறது என்பது என் கணிப்பு. ஒரு காதல் படத்தில் வசனத்துக்கு நடுவே நழுவிப் போகும் வயலினுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஆஸ்கரை இதற்குள் இழுக்காதீர்கள். 'ஸ்லம்டாக்' பிரிட்டிஷ் படம், ஓட்டுப் போட்டது அமெரிக்க அகாடமி, நம் பாட்டுகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்கவில்லை.

அப்புறம் எம்.எஸ்.வி. மாடியிலிருந்து இறங்கி வந்ததும் சித்தப்பா கேட்டது இதுதான்: "விஸ்வநாதனுக்கு ஒண்ணுகூடக் குடுக்கலையே, அப்புறம் என்ன விருது?" இதிலும் பாதி அவசரம் இருக்கிறது. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதே 1967-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான் தொடங்கியது, அதை முதலில் வாங்கியவர் கே.வி. மகாதேவன். விஸ்வநாதன் - ராமமூர்த்தி ஜோடி 1965-லேயே பிரிந்துவிட்டது. அவர்கள் சேர்ந்து கொட்டிக் கொடுத்த காலத்தில் கொடுப்பதற்கு விருதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாக எத்தனை படம் போட்டார்! அந்தப் படங்களுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அங்கே சித்தப்பா தாராளமாகச் சண்டை போடட்டும், நானும் அவர் பக்கம்தான்.