தோட்டத்தில் நீராவி ரயில்: எஞ்சினுக்கு முன்னால் டியூப் மட்டம்

முதலில் எஞ்சின் வாங்காதீர்கள். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஓட்டிப் பார்க்கும் ஆசையில், தண்டவாளத்தை வீட்டுக்குப் பின்னால் செம்மண்ணில் அப்படியே விரித்துப் போட்டுப் பற்றவைத்தேன். மேட்டில் முக்கியது, நின்றது, கொஞ்சம் தள்ளிவிட்டதும் இறக்கத்தில் பிய்த்துக்கொண்டு ஓடி, வளைவில் தடம் புரண்டு செம்பருத்திச் செடிக்குள் குப்புற விழுந்தது. கொதிக்கிற எஞ்சினை ஈரச் சாக்கால் பிடித்துத் தூக்கியபோதுதான், தவறு எஞ்சினில் இல்லை, என் தோட்டத்தில் இருக்கிறது என்று விளங்கியது.

கரண்டில் ஓடும் பொம்மை ரயில் என்றால் ஏற்றத்தில் கூட்டலாம், இறக்கத்தில் குறைக்கலாம். சின்ன நீராவி எஞ்சினில் ஆவித் திறப்பானை ஒரு அளவில் வைத்து விட்டுவிட்டால் அவ்வளவுதான், பின்னாலேயே ஓடினால்தான் உண்டு. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் ஏற்றம் நம் கண்ணுக்கே தெரியாது, எஞ்சினுக்கு நன்றாகத் தெரியும். தக்கலைப் பக்கம் எங்கள் விளை (தோட்டத்து நிலம்) மாதிரி சரிவாக இருந்தால் மண்ணில் போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தூண் நட்டு மேலே தூக்குங்கள். இடுப்புயரத்தில் இருந்தால் குனிந்து குனிந்து முதுகு ஒடியாது, ஐப்பசி மழையில் பாதை அடித்துக்கொண்டும் போகாது.

அளவு விஷயம். தோட்டத்து ரயிலில் 32 மி.மீ., 45 மி.மீ. என்று இரண்டு பாதை அகலங்கள்தான் அதிகம் புழங்குகின்றன. ஒரு அடிக்கு 16 மி.மீ. என்று கணக்கு வைத்தால் 32 என்பது டார்ஜிலிங் மலை ரயிலின் இரண்டடிப் பாதை. 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 45 என்பது ஊட்டி மலை ரயிலின் மீட்டர் கேஜ். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல், அதுவும் நேரடியாக அகலப் பாதை. ஆகவே நம் ஊர் ரயிலைத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தால் குறுகிய பாதைக் கணக்கு எதுவும் ஒத்து வராது. நான் 32 எடுத்தேன். அதற்கான சின்ன எஞ்சின்கள் இறுக்கமான வளைவிலும் திரும்பும்.

திரும்பும் என்பதற்காக வளைவை இறுக்க வேண்டாம். 1.5 மீட்டர் ஆரம் வையுங்கள். இரண்டு பக்கமும் 3 மீட்டர் நேர்ப்பாதை கொடுத்தால் மொத்தச் சுற்று 15.4 மீட்டர், சுற்றி நடக்க இடம் விட்டாலும் ஒரு சென்ட் நிலம்கூட முழுதாக வேண்டாம். ஆனால் அந்த இடம் தென்னைக்குக் கீழே இருக்கக் கூடாது. தேங்காய் விழுவதை விடுங்கள், காய்ந்த மட்டை ஒன்று குறுக்கே விழுந்தாலே தண்டவாளம் வளைந்துவிடும். இங்கே தென்னை இல்லாத மூலையைத் தேடுவதுதான் பாதி வேலை.

தூணுக்கு நான்கு அங்குல பிவிசி குழாய் போதும். ஒன்றரை அடி மண்ணுக்குள், குறைந்தது இரண்டரை அடி வெளியே, இரண்டரை அடிக்கு ஒரு தூண். எனக்கு 20 தூண் வந்தது. (மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 28 தூண், எட்டுதான் குறைச்சல் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் மதிக்கவில்லை. அங்கே தண்ணீர் ஓடச் சரிவு வேண்டும், நமக்கோ அது ஆகவே ஆகாது.) குழாயை இரண்டு விரல்கடை கூடுதலாகவே நட்டு, மட்டம் பார்த்துக் கோடு போட்டு, கோட்டில் அறுத்து, அதற்குப் பிறகு கான்கிரீட் ஊற்றுங்கள். முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் மட்டம் பார்க்கலாம் என்று நினைத்தால் உளியோடு உட்கார வேண்டியிருக்கும்.

மட்டம் பார்க்க கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இங்கே போதாது, இரண்டு தூணுக்கு நடுவே ஒரு மி.மீ. பிசகினால் இருபதாவது தூணில் அது விரல் கனமாகி நிற்கும். பத்து மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை முதல் தூணிலேயே கட்டி வைத்து, மறு முனையை ஒவ்வொரு தூணாகக் கொண்டு போய்க் குறியுங்கள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு என்று மாற்றி மாற்றிப் போகக் கூடாது, எல்லாத் தூணுக்கும் முதல் தூண்தான் கணக்கு. டியூபைப் பிடிக்க மகளைக் கூப்பிட்டேன். ஏழு தூண் குறித்த பிறகு, "எப்பா, உள்ள குமிழி கெடக்கு" என்றாள். பார்த்தால் டியூபின் நடு வளைவில் ஒரு பட்டாணி நீளத்துக்குக் காற்று. ஏழு கோட்டையும் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினோம். டியூபை ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்புங்கள், நிரப்பிய பிறகு முழு நீளத்தையும் விரலால் சுண்டிக்கொண்டே வாருங்கள், குமிழி தானாக மேலே ஏறி வெளியே போய்விடும்.

தூணுக்கு மேலே பலகை வேண்டாம், செல்லு விடாது. சமையல் மேடைக்குக் கல் அறுக்கிற கடையில் கடப்பா கல் மிச்சத் துண்டுகள் கிடக்கும், அதையே ஆறு அங்குல அகலத்தில் அறுத்து வாங்கிக்கொள்ளலாம். வளைவுக்கு ஒரு முனை குறுகலாக அறுக்கச் சொல்லுங்கள்.

தண்டவாளம். நீராவி எஞ்சினுக்குப் பாதையில் கரண்ட் வேண்டாம் என்பது கடற்கரை மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய சௌகரியம்: உப்புக் காற்றில் பச்சை பிடித்தாலும் கறுத்தாலும் வண்டி ஓடும். அதனால் ஆயத்தத் தண்டவாளம் வாங்காமல், ஜன்னல் செய்யும் கடையில் 10-க்கு 3 மி.மீ. அலுமினியப் பட்டை வாங்கி நானே செய்தேன். கட்டைக்கு அயனி மரம். ரப்பர் மரம் சும்மாவே கிடைக்கும், ஆனால் ஒரு மழைக்குப் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். ஒவ்வொரு கட்டையிலும் 4 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு வெட்டு, பட்டை அதில் செங்குத்தாக நிற்கும். 4 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை என்றால் கிட்டத்தட்ட 400 கட்டை வரும், எனக்கு ஆனி ஆடிச் சாரல் முழுக்க இதிலேயே போனது. சரியாக 32 மி.மீ. அகலத்தில் ஒரு மரத்துண்டு செய்து வைத்துக்கொண்டு அதை நடுவில் நுழைத்து நுழைத்துச் சரிபாருங்கள். வளைவில் மட்டும் 33 விடலாம். 12 அடிப் பட்டையை மூன்றாக அறுத்து, இணைப்புக்கு இணைப்பு ஒரு ஏடிஎம் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். காலைக் குளிரில் போட்ட பட்டை மதிய வெயிலில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் நீளும். இடைவெளி விடாவிட்டால் பாம்பு மாதிரி நெளிந்துவிடும்.

இப்போது எஞ்சின் வாங்கலாம். இறக்குமதி என்றால் ஒரு பைக்கின் விலை ஆகும், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பாய்லரைத் தயவுசெய்து முதல் முறையே சொந்தமாகச் செய்யாதீர்கள். வீட்டுக் குக்கர் விசிலடிப்பது 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், இந்த மாதிரி எஞ்சின் பலவும் 40 வரை போகும், உள்ளே சுமார் 140 டிகிரி. பழையதாக வாங்கினால் பாய்லர் மூட்டு வெள்ளிப் பற்றா, ஈயப் பற்றா என்று கேளுங்கள். ஈயம் என்றால், தண்ணீர் வற்றிய ஒரு நாளில் உருகிவிடும். ஓட்டுவதற்கு முன் பச்சைத் தண்ணீரை பம்பால் அடித்து, ஓடும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆவியால் சோதிக்கக் கூடாது. தண்ணீர் என்றால் மூட்டு விட்டாலும் கசிவதோடு சரி.

பாய்லருக்கு போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். டிஸ்டில்டு வாட்டர் நல்லது, மொட்டை மாடியில் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரும் ஆகும். முழுக்க நிரப்பி, ஊசியில்லாத சிரிஞ்சால் 30 மில்லி திரும்ப உறிஞ்சி எடுத்துவிடுங்கள், ஆவிக்கு இடம் வேண்டும். சிலிண்டருக்கு 460 கிரேடு ஸ்டீம் ஆயில்தான். என் மச்சான், நான் இல்லாத நேரத்தில், தேங்காய் எண்ணெயை ஊற்றி உதவி செய்தார். ஒரு வாரத்தில் உள்ளே பிசின் மாதிரி ஆகிவிட்டது, பிரித்துக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

எரிபொருள் பியூட்டேன், லைட்டருக்கு நிரப்பும் டப்பா. வீட்டுச் சிலிண்டர் கேஸ் கூடவே கூடாது, அதில் புரொப்பேனும் இருப்பதால் அழுத்தம் அதிகம். குளிர் நாட்டுக்காரர்கள் கேஸ் டேங்கை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவார்கள். நமக்கு நேர் எதிர், வெயிலில் வைத்த டேங்கில் தீ ஊளையிடும். நிரப்பும்போது டேங்கில் ஈரத்துணி சுற்றுங்கள், டப்பாவை விட டேங்க் குளிர்ந்திருந்தால்தான் கேஸ் இறங்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் ஆகாது. அப்புறம், தண்ணீர் தீர்வதற்கு முன்னால் கேஸ் தீர வேண்டும் என்பதே கணக்கு, அதனால் தண்ணீர் பார்க்காமல் கேஸை மட்டும் மறுபடி நிரப்பாதீர்கள்.

பற்றவைக்கும்போது புகைபோக்கி மேலே லைட்டரைப் பிடித்து, கேஸை மெல்லத் திறந்தால் தீ 'டப்' என்று உள்ளே இறங்கும். 20 பி.எஸ்.ஐ. வந்ததும் கையாலேயே முன்னும் பின்னும் தள்ளிக் கொடுங்கள். சிலிண்டரில் ஆவி குளிர்ந்து தேங்கிய தண்ணீர் எண்ணெயோடு கலந்து புகைபோக்கி வழியாகத் துப்பும், வெள்ளைச் சட்டையோடு குனிந்து பார்க்க வேண்டாம். துப்பல் நின்றதும் விடலாம்.

நண்பகலில் ஓட்டினால் ஆவியே கண்ணுக்குத் தெரியாது, என்னடா இது என்று தோன்றும். இரவு மழை பெய்து ஓய்ந்த மார்கழிக் காலையில் ஓட்டுங்கள், வெள்ளை வெளேரென்று பின்னால் இழுத்துக்கொண்டு போகும்.

ஓட்டி முடித்து, ஆறியதும் சிலிண்டருக்கு எண்ணெய் கொடுக்கும் குப்பியின் அடியில் தேங்கிய தண்ணீரை எடுத்துவிட்டு, அச்சாணிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஒரு இரவு வெளியே கிடந்தால் போதும், எஃகுப் பாகம் எல்லாம் காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும்.