‘ஒருங்கிணைப்புக் குழு அமைக்கலாம்’ என்று எழுதுமுன்: கொள்கை ஒத்திசைவுக் குறிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத இருவர் சென்ற வாரம் ஒரு வரைவைக் கொடுத்தார்கள். பணக்கார நாடுகளின் விவசாய, வணிக, உதவிக் கொள்கைகள் ஒன்றையொன்று இடிக்காமல் வளரும் நாடுகளுக்கு எப்படித் துணைநிற்கலாம் என்பது அதன் பொருள்; இதைத்தான் கொள்கை ஒத்திசைவு என்கிறோம். படிக்கப் படிக்க, இருபது வருடத்துக்கு முன் நானே எழுதியது போலிருந்தது. பழைய புள்ளிவிவரம், தப்பான கூட்டல் எல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘துறைகளுக்குத் தெரியவில்லை’ என்று எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். என் முதல் குறிப்பு மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தியைப் பற்றியது. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு மானியத்தைக் கொட்டியது; 2001-02 பருவத்தில் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல். சந்தையில் பஞ்சு குவிந்தது, உலக விலை இறங்கியது. பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி விவசாயிகளின் வருமானம் அந்த விலையை நம்பித்தான் இருந்தது. அவர்கள் பருத்தியை இன்னும் நன்றாகப் பயிரிட உதவித் திட்டம் நடத்தியதும் அதே அமெரிக்க அரசுதான்.

இதையெல்லாம் விவரித்துவிட்டு, ‘துறைகளிடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை, ஒருங்கிணைப்புக் குழு அமைக்க வேண்டும்’ என்று முடித்தேன். மேலதிகாரி அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டார். “ஏம்ப்பா, இதுல யாருக்கு என்ன தெரியாம இருந்துச்சு?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

எல்லாருக்கும் தெரியும். 2003இல் புர்கினா பாசோ அதிபர் பிளேஸ் கம்பாவோரே ஜெனீவாவுக்கே போய் உலக வணிக அமைப்பில் முறையிட்டார். அதே ஆண்டு கான்குன் மாநாட்டில் பருத்தியைத் தனியாகவே எடுத்துப் பேசினார்கள். தெரிந்தேதான் நடந்தது. மானியம் வாங்குகிறவருக்கு அமெரிக்காவில் ஓட்டு இருக்கிறது. மாலி விவசாயிக்கு இல்லை.

சந்தேகம் இருந்தால் பிரேசில் கதையைப் பாருங்கள். இதே மானியத்தை எதிர்த்து 2002இல் அது உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டது. 2005இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. பெனினும் சாடும் அதில் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்திருந்தன. 2010இல் பிரேசில், அமெரிக்கச் சரக்குகளுக்கு வரியை ஏற்றுவோம், காப்புரிமையிலும் கைவைப்போம் என்று மிரட்டியது. அமெரிக்கா மானியத்தை உடனே வெட்டிவிடவில்லை. பிரேசிலின் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது! தன் விவசாயிக்கும் பணம், வழக்குப் போட்ட நாட்டுக்கும் பணம். 2014இல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் மாலியோ பெனினோ ஒரு தரப்பே இல்லை. மிரட்டுவதற்கு அவர்கள் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே, இப்போது இருக்கிறபடியே இருந்தால் யாருக்கு லாபம், அவர்களை அசைக்க யாரால் முடியும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். குழு அப்புறம். அந்தக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்: டீ, பிஸ்கட், கூட்டக் குறிப்பு. பட்ஜெட்டைத் தொடும் அதிகாரம் உள்ளவர் வரமாட்டார், உதவியாளரை அனுப்புவார்.

நிலையான வளர்ச்சி இலக்கு 17.14ஐ மேற்கோள் காட்டுவது

கொள்கை ஒத்திசைவை மேம்படுத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. இலக்கு அது. ஒரு தடவை போதும்.

பூஜ்ய வரியோடு நின்றுவிடுவது

மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்குகளுக்கு, ஆயுதம் தவிர, வரி இல்லை என்று 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பங்களாதேஷில் தைத்த ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். துணி சீனாவிலிருந்து வந்தது. வெட்டியதும் தைத்ததும் பொத்தான் வைத்ததும் டாக்காவில். சரக்கு எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் விதியோ, துணியையும் அங்கேயே நெய்திருந்தால்தான் அது பங்களாதேஷ் சட்டை என்றது. ஆக, சலுகை ஏட்டில் இருந்தது, சட்டை வரி கட்டிக்கொண்டு போனது. தைத்தால் போதும் என்று விதியைத் தளர்த்தியது 2011இல்தான். வரி அட்டவணையைப் பார்த்த கையோடு இந்த விதியையும் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் பின்னிணைப்பில் இருக்கும்.

கடைசியில் கருத்துக் கேட்பது

மசோதா அச்சுக்குப் போனபின் வெளிநாட்டு உதவித் துறையிடம் கருத்துக் கேட்பது, தாலி கட்டியபின் ஜாதகம் பார்ப்பது.

ஒரு நாட்டுக்கு ஒரே நலன் என்று நினைப்பது

‘ஹைட்டிக்கு நன்மை’ என்று எழுதினால், எந்த ஹைட்டிக்காரருக்கு என்று பக்கத்திலேயே குறிப்பேன். 1995இல் அந்த நாடு அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாக இறக்கியது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து இறங்கியது. நகரத்தில் விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அரிசி மலிந்தது. ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கின் நெல் விவசாயியால் அந்த விலையோடு போட்டி போட முடியவில்லை. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன், 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன், அந்த வரிக் குறைப்புக்குத் தான் துணைநின்றது தவறு என்று ஒப்புக்கொண்டார். அர்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அர்கன்சாஸ், அவர் அதிபராகுமுன் ஆளுநராக இருந்த மாநிலம்.